மலையில்லாத ஊரில் இரண்டு மலைகள்

கேள்வி: மண்டபம் பக்கத்துக் கடலோர ஊர் ஒன்றில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் சேர்த்து 23 பிள்ளைகள். பாதிக்கு மேல் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். 'இயற்கைக் காட்சி வரைங்க' என்றால் எல்லோரும் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஓர் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை என்று ஒரே படத்தை வரைகிறார்கள். கட்டுரை 'இயற்கை நமக்குக் கிடைத்த வரம்' என்றுதான் தொடங்குகிறது. கதை என்றால் சிங்கமும் முயலும் வருகின்றன. நான்கைந்து பேர் 'எனக்கு வரைய வராது டீச்சர்' என்று தாளையே தொடுவதில்லை. ஒரு பையன் எதைக் கேட்டாலும் படகு மட்டுமே வரைகிறான். வெள்ளிக்கிழமை இரண்டு பாடவேளை, 80 நிமிடம், எனக்குக் கிடைக்கும். ஆண்டு விழாவுக்குள் பிள்ளைகளின் எழுத்தும் படமுமாக ஓர் இதழ் கொண்டுவர ஆசை. போட்டி வைத்துப் பரிசு கொடுத்தால் ஊக்கம் வருமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

மண்டபம் கரையில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை கண்ணில் படாது. ராமேசுவரத்தில் கந்தமாதன பர்வதம் என்று பெயர் வாங்கியதுகூடச் சிறு மணற்குன்றுதான். அப்படியிருந்தும் உங்கள் பிள்ளைகள் மலை வரைகிறார்கள். 'இயற்கைக் காட்சி' என்ற சொல்லுக்கு விடை அந்தப் படம்தான் என்று வாய்ப்பாடு போல மனப்பாடமாகியிருக்கிறது. அவர்களுக்குக் கற்பனை வற்றிவிடவில்லை. தினமும் பார்க்கிற நண்டும் வலையும் காரல் மீனும் படத்துக்கு உரியவை என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அதனால் முதல் நான்கு வாரத்துக்கு வகுப்பில் 'இயற்கை', 'கற்பனை', 'அழகு' ஆகிய மூன்று சொற்களையும் சொல்லாமல் இருந்து பாருங்கள். அந்தச் சொற்கள் காதில் விழுந்தால் மனப்பாடப் படம் எழுந்து வந்துவிடும்.

தொடக்கம் கரையில் இருக்கட்டும். தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். பிற்பகல் வெயிலில் மணல் காலைச் சுடும். முடிந்தால் அந்த இரண்டு பாடவேளையைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உங்களோடு இன்னும் ஒரு பெரியவராவது வேண்டும். ஒருவர் பிள்ளைகளுக்கும் தண்ணீருக்கும் நடுவிலேயே நிற்க வேண்டும், வேறு வேலை அவருக்கு இருக்கக் கூடாது.

கழித்துப் போட்ட வலைக்கயிறு எந்த வீட்டிலும் கிடைக்கும். பிள்ளைக்கு ஒன்றாக 2 மீட்டர் வெட்டி முனைகளை முடிந்துவிடுங்கள். மணலில் வட்டமாக வைத்தால் ஏறக்குறைய இரண்டடி அகலம் வரும். 10 நிமிடம் அந்த வட்டத்துக்குள் மட்டும் பார்க்க வேண்டும், பேசக் கூடாது. முழுக் கடற்கரையையும் பார்க்கச் சொன்னால் பிள்ளை எதையும் பார்க்காது. இரண்டடி வட்டம் என்றால் மூன்றாவது நிமிடத்தில் சலிப்பு வரும், ஐந்தாவது நிமிடத்தில் ஏதாவது ஒன்று கண்ணில் படும். அந்தச் சலிப்பைப் பார்த்துப் பயந்து நீங்கள் பேசத் தொடங்கிவிடாதீர்கள். பலர் இந்தப் பயிற்சியைக் கெடுப்பது அங்கேதான்.

பிறகு கேள்விகள். "என்ன தெரியுது?" என்று கேட்டால் "மணல், சிப்பி" என்று முடித்துவிடுவார்கள். தடயத்தைக் கேளுங்கள். நண்டு வளையின் வாசலில் கிடக்கும் மணல் ஈரமா, காய்ந்ததா? ஈரம் என்றால் சற்று முன்புதான் நண்டு உள்ளிருந்து மணலை அள்ளி வெளியே எறிந்திருக்கிறது. வளைக்குள் எத்தனை விரல் நுழையும் அகலம் என்று குச்சியால் அளந்தால் உள்ளே இருப்பவர் எவ்வளவு பெரியவர் என்று ஊகிக்கலாம். பறவைத் தடத்தில் பின்விரல் பதிந்திருக்கிறதா? காகத்துக்குப் பின்விரல் நன்றாகத் தெரியும். கரையோரம் ஓடி ஓடி இரை பொறுக்கும் சிறு பறவைகள் பலவற்றின் தடத்தில் முன்விரல் மூன்றுதான் பதியும். தடம் வட்டத்துக்குள் எங்கே நுழைந்தது, எங்கே முடிந்தது, ஏன் அங்கே முடிந்தது? இந்தக் கடைசிக் கேள்விக்கு உறுதியான பதில் கிடையாது. பிள்ளை தானாகச் சொல்லத் தொடங்கும் இடம் அதுதான். 'பறந்துடுச்சு' என்பான் ஒருவன். 'நாய் வந்துச்சு' என்பாள் இன்னொருத்தி. உடனே நாயின் தடத்தைத் தேடச் சொல்லுங்கள். கிடைத்தால் கதை தொடரும், கிடைக்காவிட்டால் அவளே வேறொன்று சொல்வாள்.

உயிரோடு இருப்பதை எடுக்கக் கூடாது என்பதை முதல் நாளே விதியாக்கிவிடுங்கள். பவளம், கடல் அட்டை, கடல் குதிரை மூன்றும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. கரை ஒதுங்கிய பவளத் துண்டையும் பள்ளிக்கு எடுத்துவர வேண்டாம், இருந்த இடத்திலேயே வரைந்துகொள்ளட்டும். ஒதுங்கிக் கிடக்கும் சொறி, அதாவது ஜெல்லி மீன், செத்திருந்தாலும் கொட்டும். கூம்பு வடிவச் சங்கு அழகாக இருக்கும், உயிருள்ளது நஞ்சு ஊசி வைத்திருக்கும். இரண்டையும் தொடக் கூடாதென்று மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்கு அவர்களே சொல்லட்டும்.

வகுப்புக்குத் திரும்பியதும் எழுதுவது. தமிழில் இதற்கென்றே ஒரு பழைய முறை இருக்கிறது: முதல், கரு, உரி. இடமும் பொழுதும் முதற்பொருள், அங்குள்ள உயிர்களும் பொருள்களும் கருப்பொருள், மனத்தில் எழுவது உரிப்பொருள். உங்கள் பிள்ளைகள் வாழ்வதே நெய்தல் நிலம், அதற்குச் சொன்ன சிறுபொழுது எற்பாடு, பொழுது சாயும் நேரம். இந்தப் பெயர்களைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதில்லை, வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாலாம் வகுப்புக்குக் கருவிலிருந்து தொடங்குவது எளிது. வட்டத்துக்குள் பார்த்த ஒரே ஒரு பொருளைப் பற்றி மூன்று வரி. அடுத்து எங்கே, எந்நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்று இரண்டு வரி. உரிக்கு ஒரே வரி. அதில் 'மகிழ்ச்சி', 'சோகம்', 'பயம்' என்று உணர்ச்சியின் பெயரை எழுதக் கூடாது, அந்த நேரத்தில் கையோ காலோ என்ன செய்தது என்று எழுத வேண்டும். 'நண்டு ஓடியதும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது' என்பதை விட 'நண்டு ஓடுச்சு. நான் முட்டி போட்டு வளைக்குள்ள காதை வச்சேன்' என்பதில் பிள்ளை இருக்கிறது.

ஆம், 'ஓடுச்சு', 'வச்சேன்' என்றே எழுதட்டும். முதல் எழுத்தில் சிவப்பு மையை எடுக்காதீர்கள். ற, ர பிழையைச் சுழித்துக் காட்டினால் அடுத்த வாரம் அந்தப் பிள்ளை தனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்த சொற்களை மட்டுமே எழுதும், கடல் சுருங்கிப்போகும். பிழை திருத்தம் இதழுக்குப் போகும் இரண்டாம் படியில் போதும். அப்போதும் பேச்சு வரிகளைப் பேச்சாகவே விடுங்கள்.

சொற்களுக்கு வீட்டையே நம்புங்கள். அப்பாவிடமோ வாப்பாவிடமோ தாத்தாவிடமோ வாரம் ஒரு சொல் கேட்டு வரச் சொல்லலாம். கொண்டல், கச்சான், வாடை என்று காற்றுக்குப் பெயர்கள் வரும். நீரோட்டத்துக்கு நீவாடு, படகின் முன்பக்கத்துக்கு அணியம் என்று வரும். கடற்பாசி எடுக்கப் போகும் அம்மாக்களிடம் மரிக்கொழுந்துப் பாசிக்கும் கட்டக்கோரைக்கும் தொட்டுப் பார்க்கையில் என்ன வேறுபாடு என்று கேட்டுவரச் சொல்லுங்கள். சுவரில் ஒரு சார்ட்டை ஒட்டி, சொல்லையும் கொண்டுவந்த பிள்ளையின் பெயரையும் எழுதுங்கள். நிறையச் சொல் தெரிந்த வீடு பெரும்பாலும் புத்தகம் இல்லாத வீடாக இருக்கும். அது வகுப்பில் எல்லோர் கண்ணிலும் படட்டும்.

இனி 'வரைய வராது' என்பவர்கள். தாளைப் பார்க்காமல் பொருளை மட்டும் பார்த்துக்கொண்டு, பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல் 2 நிமிடம் கோடு இழுக்கச் சொல்லுங்கள். நன்றாக வரைகிற பிள்ளைக்கும் கோணலாகத்தான் வரும். எல்லோருடையதும் கோணல் என்று தெரிந்த பிறகு அந்த நான்கைந்து பேரும் பென்சிலைத் தொடுவார்கள். இரண்டு வாரம் ரப்பரை வாங்கி வைத்துவிடுங்கள். கரும்பலகையில் நீங்கள் மாதிரி வரையவே வரையாதீர்கள், 23 தாளிலும் உங்கள் நண்டு வந்துவிடும்.

நண்டுக்கு அடுத்து மீன். சந்தையில் 4 வகை வாங்கினால் போதும்: நெத்திலி, காரல், முரல், சிறு திருக்கை. திருக்கை வாலில் முள் இருக்கும், மீன்காரரிடமே வெட்டி வாங்குங்கள். பிள்ளைகள் வழக்கமாக வரைகிற மீன் இவற்றில் எதுவும் இல்லை என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். நெத்திலிக்கு வாய் மூக்குக்குக் கீழே தள்ளி இருக்கும், பக்கவாட்டில் வெள்ளிப் பட்டை ஓடும். காரலின் உதட்டை மெல்ல இழுத்தால் வாய் குழல் போல நீளும். முரலுக்குத் தாடை ஊசியாக நீண்டிருக்கும். திருக்கைக்குக் கண் மேலே, வாய் அடியில். 'தான் தின்பதைத் திருக்கையால் பார்க்க முடியுமா?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். காரல் அந்த வாயை எதற்கு நீட்டும் என்று எழுதச் சொல்லுங்கள்.

தாளின் மூலையில் சின்னதாக வரைவது எல்லா வகுப்பிலும் உண்டு. 'பெருசா வரை' என்றால் நடக்காது. முதலில் தாளின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை முதுகெலும்புக் கோடு ஒன்றை இழுக்கச் சொல்லுங்கள். மீன் அந்தக் கோட்டின் மேல்தான் உட்கார வேண்டும், வேறு வழியில்லை. அடுத்து, உடம்பு எத்தனை தலை நீளம் என்று விரலால் அளப்பது. அதன் பிறகே துடுப்பு.

மைக்குக் கடைக்குப் போக வேண்டாம். வீட்டில் கணவாய் மீன் ஆயும்போது உள்ளே வெள்ளிச் சாம்பல் நிறத்தில் மைப்பை ஒன்று இருக்கும். கிழியாமல் எடுத்துச் சிரட்டையில் வைத்து, நுனியை வெட்டிப் பிதுக்கி, 2 தேக்கரண்டி தண்ணீர் விட்டுக் கலக்கித் துணியில் வடிகட்டுங்கள். கருவேலம் பிசினைத் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்த நீர் அரைத் தேக்கரண்டி சேர்த்தால் காய்ந்த பின் கையில் ஒட்டாது. தென்னை ஈர்க்கைச் சாய்வாகச் சீவினால் பேனா. இந்த மை காயும்போது பழுப்புக் கலந்த கறுப்பாக வரும், தண்ணீர் கூடக் கூடப் பழுப்பு ஏறும். ஐரோப்பிய ஓவியர்கள் செபியா என்று பயன்படுத்திய பழைய நிறமும் கணவாய் மைதான். நம் வெக்கையில் ஒரு நாளில் நாறிவிடும் என்பது ஒன்றுதான் குறை. அன்றே பயன்படுத்துங்கள், அல்லது சிரட்டையிலேயே நிழலில் நன்றாகக் காயவைத்துச் சுரண்டி எடுத்து வையுங்கள், தேவைப்படும்போது தண்ணீர் விட்டுக் குழைக்கலாம். சீருடையில் பட்டால் கறை எளிதில் போகாது. பழைய சட்டை ஒன்றை மேலே போட்டுக்கொள்ளட்டும்.

இதே மையில் மீனைப் பதிக்கலாம், ஜப்பானிய மீனவர்களிடம் உள்ள முறை. உள்ளங்கை அளவுக் காரலோ பாறை மீனோ வேண்டும். உப்புப் போட்டுத் தேய்த்து வழுவழுப்பைக் கழுவி, துணியால் ஒற்றி, வாயிலும் செவுளிலும் காகிதத்தைத் திணியுங்கள். இல்லையென்றால் நீர் கசிந்து அச்சு கலங்கும். மையைத் துணியால் மிக மெல்லப் பூசி, மெல்லிய தாளை மேலே போட்டு நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் அழுத்த வேண்டும். மை கூடினால் செதில் தெரியாமல் கறுப்புத் திட்டாகிவிடும், அதனால் முதல் அச்சு பெரும்பாலும் வீண், மூன்றாவதுதான் நன்றாக வரும். கெளிறு முள் குத்தும், பேத்தை நஞ்சு, இரண்டும் வேண்டாம். அச்சுக்கு அடியில் அந்த மீனின் ஒரு நாளைப் பற்றி நான்கு வரி எழுதினால் இதழுக்கு ஒரு பக்கம் ஆயிற்று.

கடலுக்கு நீலம் பூசும் பழக்கத்தை மாற்ற உங்கள் ஊரைப் போல வசதியான இடம் கிடையாது. ஒரே நிலத்துண்டின் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஒன்றைப் பெண் கடல், மற்றதை ஆண் கடல் என்று ராமேசுவரம் பக்கம் சொல்வது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். வாடைக் காலத்தில் வடகடல் கலங்கும், தென்மேற்குக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும். ஏ4 தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மேல்பாதியில் 8 கட்டம், கீழ்ப்பாதியில் 8 கட்டம் போடுங்கள். வாரம் ஒரு நாள் இரண்டு கடலையும் பார்த்து அன்றைய நிறத்தைப் பூச வேண்டும், நிறத்துக்குப் பிள்ளையே பெயர் வைக்க வேண்டும். நீலத்தின் மேல் மஞ்சள், அதன் மேல் கொஞ்சம் பழுப்பு என்று கிரேயானை அடுக்கினால்தான் கலங்கிய தண்ணீர் வரும், ஒற்றை நிறத்தில் வராது. 8 வாரத்தில் 'கழுநீர்ப் பச்சை', 'அயிரத் தண்ணி நிறம்' என்று பெயர்கள் சேர்ந்தால் அவற்றை அப்படியே இதழில் அச்சிடுங்கள். தண்ணீர் வண்ணம் வேண்டுமென்றால் 70 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாள் தாங்காது, உப்புக் காற்றில் சுருண்டுவிடும்.

கதைக்கு வருவோம். 'நான் ஒரு மீன் பேசுகிறேன்' என்று சொன்னால் 'என் பெயர் மீன், நான் கடலில் வாழ்கிறேன்' என்றுதான் வரும். உயிருக்குப் பேச்சுக் கொடுத்தால் மட்டும் போதாது, அதன் உடம்புக்கு எட்டாதது எதையும் அது சொல்லக் கூடாது என்று ஒரு விதி கொடுங்கள். பங்குனி ஆமைக் குஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் ஒரு குழியில் நூறு முட்டை அளவில் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். 45 முதல் 60 நாள் போல மணலுக்குள்ளேயே சூடு. பொரிந்த குஞ்சுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மேலே ஏறும், மேல் மணல் குளிர்ந்தால் இரவு வந்துவிட்டது என்று அறிந்து வெளியே வரும். வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஓடும். கரையில் தெருவிளக்கு எரிந்தால் அதைக் கடல் என்று எண்ணித் திரும்பிவிடும்.

இந்தத் தகவலைச் சொல்லிவிட்டு, குஞ்சுக்குத் தெரியாதவற்றைப் பிள்ளைகளையே பட்டியலிடச் சொல்லுங்கள். அம்மா யார் என்று தெரியாது. 'கடல்' என்ற சொல் தெரியாது. மனிதனைத் தெரியாது. அப்படியானால் வனத்துறை அண்ணன் கையில் தூக்கும்போது அது என்னவென்று நினைக்கும்? தெருவிளக்கை என்ன பெயர் சொல்லி அழைக்கும்? முதல் அலை மேலே விழுந்தால் அதை எதோடு ஒப்பிடும், அதுவரை அதற்குத் தெரிந்தது மணல் மட்டும்தானே? 'மணலு ஓடி வந்து என்னைத் தூக்குச்சு' போன்ற வரி இந்த இடத்திலிருந்துதான் வரும். சிங்கமும் முயலும் தாமாக விலகிக்கொள்ளும்.

இதே போல வேறு விதைகளும் உங்கள் பக்கம் உண்டு. கிளிமீன் பவளப் பாறையைக் கடித்து அரைத்து மணலாக வெளியே விடும். தனுஷ்கோடிப் பக்கம் வரும் பூநாரை தலையைக் கவிழ்த்து வைத்து இரை வடிகட்டும், அதன் சிவப்பு உண்ணும் இரையிலிருந்து வருகிறது, குஞ்சாக இருக்கும்போது சாம்பல் நிறம்தான். கணவாய்க்கு மூன்று இதயம். ஒரு வகுப்புக்கு ஒரு தகவல் போதும். மூன்று சொன்னால் பொது அறிவு வகுப்பாகிவிடும். கதை முடிந்ததும் 'இதிலிருந்து என்ன நீதி?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அடுத்த வாரம் நீதியை முதலில் எழுதிவிட்டு மேலே கதையைக் கட்டுவார்கள்.

போட்டி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முதல் பரிசு வாங்கிய படத்தை அடுத்த வாரம் 22 பேரும் வரைவார்கள். 'சூப்பர்', 'அழகு' என்ற பாராட்டும் கிட்டத்தட்ட அதையே செய்யும். நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்: 'இந்த நண்டோட ஒரு கொடுக்கு மட்டும் பெருசா இருக்கே, என்னாச்சு அதுக்கு?' பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பரிசு தேவைப்படாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கடலோரப் பிள்ளைகளின் எழுத்தில் கடல் எப்போதும் இதமாக வராது. திரும்பி வராத சித்தப்பா வரலாம். பிடிபட்ட படகு வரலாம். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி போனதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டது வரலாம். நடுவில் நிறுத்தி நல்லபடியாக முடிக்கச் சொல்லாதீர்கள். வகுப்பில் வாசிக்கவும் வைக்காதீர்கள். வாங்கிப் படித்துவிட்டு, 'இது ஒங்கிட்டயே இருக்கட்டுமா, புத்தகத்துல போடலாமா?' என்று தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பிள்ளையின் முகம் பல நாள் வாடியிருந்தால் வீட்டில் பேசுங்கள்.

இதழின் கணக்கு: பிள்ளைக்கு 2 பக்கம், 46. உள்தலைப்புக்கும் பொருளடக்கத்துக்கும் 2. மொத்தம் 48 பக்கம், அதாவது 12 ஏ4 தாளை நடுவில் மடித்தால் சரியாக வரும். மடித்த தாளில் நேரடியாக எழுத விடாதீர்கள், முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே தாளில் விழுவதால் ஒரு பிள்ளையின் பிழை இன்னொரு பிள்ளையின் பக்கத்தையும் கெடுக்கும். பாதி ஏ4 அளவுத் தாளில் தனித்தனியாகச் செய்து, பிறகு வரிசைப்படி ஒட்டி ஜெராக்ஸ் எடுங்கள். பென்சில் கோடு ஜெராக்ஸில் மங்கும், கறுப்புப் பேனாவால் மேலே ஓட்டச் சொல்லுங்கள். மஞ்சளும் வெளிர் நீலமும் கறுப்பு வெள்ளை நகலில் காணாமலே போகும், ஆகவே கடல் நிறக் கட்டங்களை மட்டும் கலரில் எடுக்க வேண்டியிருக்கும். தையல் ஓரத்தில் 1.5 சென்டிமீட்டர் விடுங்கள். 12 தாளையும் ஒன்றாக மடித்தால் முதுகு புடைக்கும். நான்கு நான்காக மூன்று மடிப்பு செய்து, ஒவ்வொன்றிலும் மூன்று துளை போட்டு வலை நூலால் தைத்து, அட்டையோடு சேர்த்துக் கட்டுங்கள். ஸ்டேப்ளர் பின் உப்புக் காற்றில் துருப்பிடித்துத் தாளைக் கறையாக்கும். வலை முடியத் தெரிந்த தாத்தா ஒருவரைக் கூப்பிட்டால் பிள்ளைகளுக்கு முடிச்சையும் சொல்லிக்கொடுப்பார்.

படகு மட்டுமே வரையும் பையனைத் திருத்த வேண்டாம், அவன் வரையட்டும். வத்தையா, வள்ளமா, விசைப்படகா என்று கேளுங்கள், உங்களுக்குத் தெரியாததை அவன் சொல்வான். பிறகு தாளை நெட்டுக்கு நிறுத்தி, படகை உச்சியில் மூன்று விரல் அகலத்துக்குள் வரையச் சொல்லுங்கள். மீதித் தாள் முழுவதும் தண்ணீர். நங்கூரக் கயிறு அடி வரைக்கும் போகட்டும். அது எங்கே போய் விழுந்தது, கடற்புல்லிலா, பாறையிலா, சேற்றிலா, விழுந்தபோது அங்கே யார் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்று கேட்டுவிட்டு, அடுத்த பிள்ளையிடம் நகர்ந்துவிடுங்கள்.